யார் என்ன செய்தார்: நூற்பட்டியலில் பங்களிப்பாளர் பெயர்கள்



சீவக சிந்தாமணியைப் பாடியவர் திருத்தக்கதேவர். உரை வகுத்தவர் நச்சினார்க்கினியர். ஏடுகளை ஒப்பிட்டு 1887-இல் அச்சேற்றியவர் உ. வே. சாமிநாதையர். பட்டியலில் இந்த மூன்று பெயர்களையும் வெறுமனே அடுக்கிவிட்டால், நூற்றாண்டுகள் இடைவெளியில் வாழ்ந்த மூவரும் கூடி உட்கார்ந்து எழுதியதாகப் புதிய வாசகர் நினைத்துக்கொள்வார்.

இந்த நூலுக்கு நம் ஊர்க்காரர் ஒருவரும் உரியவர். சேலம் இராமசாமி முதலியார் 1880-இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்தார். பார்க்க வந்த கல்லூரித் தமிழாசிரியர் சாமிநாதையரிடம், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று ஐயர் அடுக்கிய நீண்ட வரிசை அவரை அசைக்கவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று மேலும் கேட்டார். கேட்டதோடு விடாமல், தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியையும் கொடுத்தார். ஐயரின் வாழ்க்கை திசைமாறியது அங்கேதான். சமண சமயச் செய்திகளில் ஐயம் எழுந்தபோது தீர்த்துவைத்தவர்களில் சந்திரநாத செட்டியாரும் வீடூர் அப்பாசாமி நயினாரும் உண்டு. இவர்களையெல்லாம் ஐயர் நன்றியோடு எழுதிவைத்திருக்கிறார். பெரும்பாலும் நம் பட்டியல்கள்தாம் கைவிட்டுவிடுகின்றன.

இடமில்லை என்று சொல்ல முடியாது. நூலகக் கணினிப் பட்டியலுக்கான மார்க் 21 பதிவில் முதன்மைப் பெயர் 100-ஆம் புலத்திலும் மற்றவர்கள் 700-ஆம் புலத்திலும் வருவார்கள். பெயரை அடுத்து அவர் பங்கைச் சொல்லத் தனித் துணைப்புலமே உண்டு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பராமரிக்கும் பங்குப் பட்டியலில் உரைகாரர், பதிப்பாசிரியர், ஆலோசகர், முன்னைய உடைமையாளர் எல்லாரும் இருக்கிறார்கள். செட்டியாரையும் நயினாரையும் ஆலோசகராகத் தயங்காமல் சேர்க்கலாம். முதலியாருக்குச் சற்று யோசிக்க வேண்டும். அவர் கொடுத்த பிரதிக்கே பதிவு போடுவதானால் அவர் முன்னைய உடைமையாளர். அச்சு நூலுக்கு அந்தச் சொல் பொருந்தாது. குறிப்புப் பகுதியில் ஒரு வரி எழுதி, அவர் பெயரில் தேடினாலும் நூல் கிடைக்கும்படி கூடுதல் பதிவு ஒன்று போடுவதே முறை என்பேன்.

நம் பழைய பதிப்பாளர்களுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முகப்புத் தாளைப் பிரித்துப் பாருங்கள்: இன்னார் இயற்றியது, இன்னார் பரிசோதித்தது, இன்னார் வேண்டுகோளின்படி இன்னாரது அச்சுக்கூடத்தில் பதிப்பிக்கப்பட்டது என்று ஒவ்வொருவர் செயலும் அங்கே நிற்கும். பட்டியலுக்கு வரும்போது நாம் பெயரை வைத்துக்கொண்டு வினையை உதிர்த்துவிட்டோம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஒருவரே பல பங்கு வகிப்பதும் உண்டு. மோகனூரில் 1888-இல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை கவிஞர், நாவலாசிரியர், ஓவியர். திருக்குறளுக்கு உரையும் எழுதியவர். குறள் உரைப் பதிவில் அவர் ஆசிரியர் அல்லர், உரையாசிரியர். 'மலைக்கள்ளன்' நாவலுக்கு ஆசிரியர். 1954-இல் வந்த அதே பெயருள்ள படத்துக்கோ மூலக்கதை அவருடையது, வசனம் மு. கருணாநிதி, இயக்கம் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு. திரைப்படத்தின் பெயர் அட்டையில் வசனகர்த்தாவையும் இயக்குநரையும் யாரும் குழப்புவதில்லை. மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனம் இருந்த சேலத்தில் இதை விளக்கவும் வேண்டுமா?

எல்லாப் பதிவுகளையும் ஒரே மூச்சில் திருத்துவது ஆகாத காரியம். குறள் அலமாரியில் தொடங்கலாம். அது இல்லாத கிளை நூலகம் இல்லை. பழைய பதிவைப் பார்த்தே புதிய பதிவு போடாமல், புத்தகத்தைக் கையில் எடுத்து, முகப்புத் தாளையும் அதன் பின்பக்கத்தையும் முன்னுரையையும் படித்துவிட்டுப் பங்கைக் குறிக்க வேண்டும். உரைகாரரா உரையாசிரியரா என்பதை அதற்கு முன்பே முடிவுசெய்து, சேலம், நாமக்கல் இரு மாவட்டங்களுக்கும் ஒரே சொல்லாக வைத்துக்கொண்டால், தேடுகிறவருக்கு ஒரு முறை தட்டினாலே எல்லா உரைகளும் வந்து சேரும்.