இன்னார் பாட்டு என எழுதுவோம்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஊர்விட்டு ஊர்வந்து ஈஜிபுராவில் குடியேறிய நாம் உடன்கொணர்ந்த செல்வங்களுள் பாட்டும் ஒன்று. நம் வீட்டுப் பேழைகளில் கருநாடக இசைக் குறுந்தகடுகள் துயில்கின்றன. அவற்றை ஒலிக்கும் கருவிகளோ அருகி வருகின்றன. புதிய கணிப்பொறிகள் பலவற்றில் தகடு செருகும் வாயிலே இல்லை. ஆகவே, அவற்றைக் கோப்புகளாக மாற்றிவைக்க நம்மிற் பலர் முனைந்துள்ளனர். நன்முயற்சியே. ஆயினும், பாட்டைப் படியெடுத்தல் எளிது. அதன் பெயரைப் பிழையின்றிப் பொறித்தல் அரிது.

காரணம் யாது? 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் ஒலி உண்டு. பாட்டின் பெயர் இல்லை. பெயர் பொறிக்கும் ஏற்பாடு பின்னர் வந்ததாயினும், எல்லாத் தகடுகளிலும் அது இடம்பெறவில்லை. ஒவ்வொரு பாட்டும் எங்கே தொடங்குகிறது என்னும் கணக்கு, நொடிக்கு 75 கூறாக, அதில் உள்ளது. கணிப்பொறி அக்கணக்கினின்று ஓர் அடையாள எண் வகுத்து, இணையக் களஞ்சியத்தை வினவுகிறது. பெயர்ப்பலகை இல்லாத வண்டியை, நிலையந்தோறும் அது புறப்படும் நேரங்கொண்டு இன்ன வண்டியென அறிவது போன்றது இது.

அக்களஞ்சியங்களை எழுதி நிரப்பியவர் யாவர்? பெரும்பாலும் நம்போன்ற கேட்போரே. அன்பர்கள் எழுதிச் சேர்த்த சி.டி.டி.பி. வணிகர் உடைமையாயிற்று, மாற்றாக எழுந்த ஃப்ரீடிபி 2020இல் மூடப்பெற்றது. 2000ஆம் ஆண்டில் தோன்றிய மியூசிக்பிரெயின்ஸ் இன்றும் அனைவர்க்கும் திறந்துள்ளது. பிழை திருத்தவும் இடந்தருகிறது.

நம் இசைக்கு நேரும் இடர்ப்பாடு தனி. ‘கலைஞர்’ என்னும் ஒரே கட்டத்தில் ஒருவர் பாடகர் பெயரை இடுவர். மற்றொருவர் இயற்றியவர் பெயரை இடுவர். ‘பாரதி’ என்று மட்டும் இட்டால் எந்தப் பாரதி? ‘சபாபதிக்கு’ கோபாலகிருஷ்ண பாரதியாரின் பாட்டு. ‘சின்னஞ்சிறு கிளியே’ சுப்பிரமணிய பாரதியாருடையது. ‘எப்படிப் பாடினரோ’ சுத்தானந்த பாரதியார் இயற்றியது. மூவர்க்கும் ஒரே பெயரிட்டால் இருவர் மறைந்துபோவர். நீலகண்ட சிவன், பாபநாசம் சிவன் நிலையும் அஃதே. கன்னடமும் ஆங்கிலமும் பள்ளியிற் பயிலும் நம் மக்கள், நாளை அப்பெயரைக் கொண்டே பாட்டைத் தேடுவர். முகவரி பிழைத்த பார்சல் உரியவர் கை சேருமோ?

ஆதலின், செய்யத்தக்கவை சில. முதற்கண், தகட்டின் உறைத்தாளைப் படித்துப் பாட்டு, இராகம், தாளம், இயற்றியவர், பாடியவர், வயலினும் மிருதங்கமும் வாசித்தவர் ஆகியோரைத் தனித்தனியே எழுதுக. களஞ்சியம் தரும் விடையைச் சான்றாகக் கொள்க, தீர்ப்பாகக் கொள்ளற்க. பின்னர், பாட்டைக் கேட்டே ஒப்பிடுக. ஆலாபனையும் தனியாவர்த்தனமும் தனிப் பாட்டாக எண்ணப்பெற்றால் வரிசை முழுதும் ஒன்று தள்ளிவிடும். ஐயமுள்ள இராகத்தை அறிந்தவரிடம் வினவுக. தெளியாவிடில் இடத்தை வெறிதே விடுக. வெற்றிடத்தைப் பிறர் நிரப்புவர், பொய்யையோ நம்பிவிடுவர். இயற்றியவர் பெயரைத் தமிழெழுத்தில் முழுமையாக எழுதுக. திருத்தியதைக் களஞ்சியத்திற்கும் அனுப்புக.

வாடகை வீடு மாறுந்தோறும் உறைத்தாள்கள் தொலைகின்றன. இரண்டடி கேட்ட அளவிலே இராகம் சொல்லும் முதியோரும் ஒவ்வொருவராய்க் குறைகின்றனர். அவர்கள் நம்மிடை இருக்கும்போதே, திங்களுக்கு ஒரு நாள் சங்கத்தில் கூடித் தகடுகளைக் கேட்டுப் பெயரெழுதுவோமாக. பொருட்செலவு சிறிது, பயனோ பெரிது.

வாழ்க தமிழ்! வளர்க இசை!