பழைய டிராக்டருக்குப் பாகம் வாங்கப் போகுமுன்

(உழவர் நாள் விழாவில் ஆற்றிய உரை)



நான் உழவியல் கற்பிக்கும் ஆசிரியன். எந்தப் பட்டத்தில் எந்த இரகம், எத்தனை நாள் நாற்று, எவ்வளவு தழைச்சத்து என்று பேசுவதுதான் என் வேலை. டிராக்டர் பாகம் வாங்குவதைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன வந்தது என்று நீங்கள் எண்ணலாம். ஒரு சிறு பாகம் கிடைக்காமல் ஒரு பருவமே பின்தங்கிப்போனதை என் தந்தையாரின் வயலில் கண்டேன். அதனால்தான் இன்று இதைப் பேச முன்வந்தேன்.

எங்கள் வீட்டில் இருப்பது முப்பத்தைந்து குதிரைத் திறன் கொண்ட பழைய டிராக்டர். இரண்டாம் கையாக வாங்கியது. ஒரு சம்பாப் பருவத்தில் கேஜ் வீல் மாட்டிச் சேற்றுழவு ஓட்டிக்கொண்டிருந்தபோது பின் ஆக்சில் ஆயில் சீல் கிழிந்து எண்ணெய் ஒழுகத் தொடங்கியது. எண்ணெய் பிரேக்கில் இறங்கினால் பிரேக் பிடிக்காது. சேற்று நீர் உள்ளே புகுந்தால் பேரிங்கும் போய்விடும். எனவே வண்டியைக் கரையேற்றி நிறுத்திவிட்டார்கள். அன்று நாற்றுக்கு வயது 27 நாள்.

மறுநாள் தந்தையார் பேருந்து ஏறி நகரத்துக் கடைக்குப் போனார்.

“என்ன வண்டி, பெரியவரே?”

“முப்பத்தஞ்சு எச்.பி. தம்பி. பழைய வண்டி.”

“எந்த வருஷம்?”

“கைமாறி வாங்கினது. சரியாத் தெரியலையே.”

“அதுக்கெல்லாம் இப்போ சாமான் வர்றதில்லை. எதுக்கும் நாளைக்கு வந்து பாருங்க.”

நாளைக்குப் போனால் முதலாளி இல்லை. அதற்கடுத்த நாள் கடை விடுமுறை. நான்காம் முறை போனபோது, “இதுதான் அது” என்று ஒரு சீலைக் கொடுத்தார்கள். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்கள். மெக்கானிக் வந்து பொருத்த இரண்டு நாளாயிற்று. பொருத்திப் பார்த்தால் சீல் தளர்வாக உட்கார்ந்தது. திருப்பிக் கொண்டுபோனபோது, “எண்ணெய் பட்ட சாமானை எடுக்கமாட்டோம்” என்று சொல்லிவிட்டார்கள்.

முடிவில் வழி காட்டியவன் பட்டறையில் வேலை செய்யும் பையன். பழைய சீலை மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் துடைத்தான். அதன் முகத்தில் மூன்று எண்கள் தெளிவாகத் தெரிந்தன. அந்த எண்ணை எழுதிக்கொண்டு, டிராக்டர் கடைக்குப் போகாமல், இரண்டு தெரு தள்ளியிருந்த பேரிங் கடைக்குப் போனோம். ஐந்து நிமிடத்தில் பாகம் கைக்கு வந்தது. பத்து நாளாக நாங்கள் ‘பழைய டிராக்டர் சீல்’ என்று கேட்டுக்கொண்டிருந்தோமே தவிர, எந்தச் சீல் என்று சொல்லவேயில்லை. படித்தவனான எனக்கும் அது தோன்றவில்லை.

நடவு முடிந்தபோது நாற்றின் வயது 38 நாள். மத்திய கால இரகங்களுக்கு 25 முதல் 30 நாள் நாற்றே ஏற்றது. வயது முற்றிய நாற்று நாற்றங்காலிலேயே காலத்தைச் செலவிட்டுவிடுவதால் வயலில் தூர் கட்டுவது குறைகிறது. அதே இரகத்தை அதே வாய்க்கால் பாசனத்தில் உரிய வயதில் நட்ட பக்கத்து வயலைவிட எங்களுக்கு ஏக்கருக்கு நான்கு மூட்டை குறைந்தது. அத்தனையும் நாற்று முற்றியதால்தான் என்று ஆராய்ச்சி முடிவைப்போல நான் கூறமாட்டேன். ஆனால் தூர் குறைந்திருந்ததைக் கண்ணால் கண்டோம். சீலின் விலையோ சில நூறு ரூபாய்தான்.

கடைக்காரர் ஏன் ‘இல்லை’ என்கிறார்?

கடைக்காரர் நடந்துகொண்ட விதம் சரியென்று நான் சொல்லவில்லை. என்றாலும் அவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு டிராக்டரில் ஆயிரக்கணக்கான பாகங்கள் உள்ளன. ஒரே பெயரில் வந்த வண்டியிலும் ஆண்டுக்கு ஆண்டு சில பாகங்கள் மாறியிருக்கும். எப்போதோ ஒருவர் கேட்கும் பாகத்தை வாங்கி அடுக்கினால் முதல் முடங்கிவிடும்.

மேலும் நிறுவனங்களே கைமாறியுள்ளன. ஐஷர் டிராக்டர் தொழிலை 2005-இல் டாஃபே நிறுவனம் வாங்கியது. சுவராஜ் டிராக்டர்களைச் செய்த பஞ்சாப் டிராக்டர்ஸ் 2007-இல் மகிந்திராவின் கைக்கு வந்தது. எச்.எம்.டி. டிராக்டர் பிரிவை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. வண்டி செய்வது நின்றாலும், பாகம் மட்டும் செய்யும் தொழிற்சாலைகள் பழைய மாடல்கள் பலவற்றுக்குத் தொடர்ந்து பாகம் செய்துவருகின்றன. எனவே ‘இல்லை’ என்ற சொல்லுக்கு ‘என் கடையில் இல்லை’ என்றோ, ‘நீங்கள் கேட்பது எதுவென்று எனக்குப் புரியவில்லை’ என்றோதான் பெரும்பாலும் பொருள். ஆகவே தெளிவாகக் கேட்கும் வழியை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

வண்டிக்கு ஒரு நோட்டு

பால் கணக்குக்கு நோட்டு வைத்திருக்கிறோம். வண்டிக்கும் ஒன்று வேண்டும். முதல் பக்கத்தில் வண்டியின் பெயர், மாடல், செய்த ஆண்டு, என்ஜின் எண், சேசிஸ் எண் ஆகியவற்றை ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் கை வண்டியானால், என்ஜின் மேல் வெட்டியிருக்கும் எண்ணும் புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். முந்தைய உரிமையாளர் வேறு வண்டியின் பம்பையோ கியர் பெட்டியையோ மாற்றிப் பொருத்தியிருந்தால் மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டும் பயனில்லை.

அடுத்த பக்கங்களில், ஒவ்வொரு முறை பாகம் மாற்றும்போதும் அதன் எண், வாங்கிய கடை, தேதி, விலை ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த நோட்டே உங்கள் வண்டியின் பாகப் பட்டியலாகிவிடும்.

பாகமே தன் பெயரைச் சொல்லும்

கழற்றிய பழைய பாகத்தை எறிந்துவிடாதீர்கள். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள்.

ஆயில் சீல்: 35, 52, 7 என்பது போல மூன்று எண்கள் பெரும்பாலும் இருக்கும். முதலாவது தண்டின் விட்டம். இரண்டாவது சீல் உட்காரும் துளையின் விட்டம். மூன்றாவது தடிப்பு. எல்லாம் மில்லிமீட்டர் அளவு. சில பழைய வண்டிகளில் அங்குல அளவும் வரும்.

பேரிங்: 6206 என்று இருந்தால், கடைசி இரண்டு இலக்கமாகிய 06-ஐ 5-ஆல் பெருக்குங்கள். 30 மில்லிமீட்டர் உள்விட்டம் என்று தெரியும். 04 முதல் மேலே உள்ள எண்களுக்கு இக்கணக்குப் பொருந்தும். 6306 என்ற பேரிங்கும் அதே 30 மில்லிமீட்டர் தண்டில் ஏறும். ஆனால் 6206-இன் வெளிவிட்டம் 62, 6306-இன் வெளிவிட்டம் 72. ஒரு இலக்கம் மாறினாலும் பாகம் வீண். எண்ணுக்குப் பின்னால் உள்ள எழுத்துகளையும் விடாமல் எழுதுங்கள். 2 ஆர்.எஸ். என்றால் இருபுறமும் ரப்பர் மூடி. இசட் இசட் என்றால் இருபுறமும் தகட்டு மூடி. சி 3 என்றால் உள்ளிடைவெளி சற்றுக் கூடுதலானது.

வி-பெல்ட்: பெல்ட்டின் முதுகில் பி 56 என்பது போல இருக்கும். எழுத்து பெல்ட்டின் பருமனைக் குறிக்கும். ஏ பெல்ட்டின் மேல் அகலம் 13 மில்லிமீட்டர், பி பெல்ட்டுக்கு 17 மில்லிமீட்டர். எண், அங்குலத்தில் உள்சுற்று நீளம்.

கிராங்க் பேரிங்: உள்ளே உள்ள கிராங்க் தண்டை ஏற்கெனவே எவ்வளவு கடைந்திருக்கிறார்கள் என்று தெரியாமல் இதை வாங்கக்கூடாது. பழைய பேரிங் ஓட்டின் முதுகில் 010, 020, 030 என்றிருந்தால் அது அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது பங்கு கடைந்ததைக் குறிக்கும். இப்போது மீண்டும் கடைந்தால், கடைந்த அளவைப் பட்டறையில் எழுதி வாங்கிய பின்னரே கடைக்குப் போகவேண்டும்.

போல்ட்டு, நட்டு: ஆங்கில, அமெரிக்க வடிவமைப்பிலிருந்து வந்த பழைய டிராக்டர்களில் அங்குல மரை இருக்கும். மில்லிமீட்டர் மரை போல்ட்டு இரண்டு சுற்று ஏறிவிட்டுப் பிறகு இறுகும். அதை ஸ்பேனர் போட்டு முறுக்கினால் உள்மரை அழிந்துபோகும். எனவே பழைய நட்டைக் கையோடு எடுத்துச்செல்லுங்கள்.

பேரிங், ஆயில் சீல், பெல்ட் ஆகியவை பொதுப் பாகங்கள். பேரிங் கடையிலேயே கிடைக்கும். கியர், ஹைட்ராலிக் பம்பு போன்றவற்றுக்குத்தான் அந்த வண்டிக்குரிய கடையை நாடவேண்டும். வார்ப்பு உறைகள், மூடிகள் போன்றவற்றைச் சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகளில் தேடலாம். ஆனால் பிரேக், சீல், பேரிங் இவற்றைப் பழையதாக வாங்க வேண்டாம்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள்

உறையிட்டு விற்கும் பாகத்தின் மேல் செய்தவர் பெயர், மாதம், ஆண்டு, வரிகள் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை அச்சிட்டிருக்க வேண்டும். அவை இல்லாத உறையை, நிறுவனப் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நம்ப வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் பின்சக்கர டயர், டியூப், பட்டியலில் குறிப்பிட்ட டிராக்டர் பாகங்கள் ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பில் இருந்தால்தான் எந்த வரி போட்டார்கள் என்று பார்க்க முடியும்.

பில்லில் தொகை மட்டும் போதாது. வண்டியின் மாடலையும் நீங்கள் கேட்ட பாக எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். இதுதான் முக்கியம். எண் எழுதப்பட்டிருந்து வேறு பாகம் கொடுத்திருந்தால் தவறு கடையுடையது. எண் இல்லாவிட்டால் வழக்கு உங்கள் வாய்க்கும் அவர் வாய்க்கும்தான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பில் தராமல் விற்பதை முறையற்ற வணிகம் என்று கூறுகிறது. குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அவ்வாறே. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் முறையிடலாம். அதற்கும் தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். ஐந்து இலட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. வழக்கறிஞர் வைத்தே ஆகவேண்டும் என்பதுமில்லை. தன் பிழைப்புக்காகத் தானே உழைக்கும் உழவர் நுகர்வோரே. விதை வழக்கொன்றில் 2012-இல் உச்ச நீதிமன்றம் உழவரை நுகர்வோராக ஏற்றுத் தீர்ப்பளித்துள்ளது.

பழுதுநீக்கும் உரிமை பற்றி ஆராய 2022 ஜூலையில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. அதில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளுள் வேளாண் கருவிகளும் ஒன்று. பாகமும் பழுதுபார்க்கும் விவரமும் கிடைக்கச் செய்வது உற்பத்தியாளர் கடமை என்ற எண்ணம் வலுத்து வருகிறது.

கோடையிலேயே வாங்குங்கள்

சட்டம் பணத்தை மீட்டுத் தரலாம். போன பட்டத்தை மீட்டுத் தராது. எனவே வண்டி ஓய்வாக இருக்கும் சித்திரை, வைகாசியிலேயே மெக்கானிக்கை அழைத்துக் காட்டுங்கள். ஆயில் சீல், விசிறி பெல்ட், டீசல் வடிகட்டி, எண்ணெய் வடிகட்டி ஆகியவற்றில் ஒவ்வொன்றை வாங்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். கடையில் கூட்டமில்லாத காலமாதலால் கடைக்காரரும் நின்று பேசுவார். இல்லாததை வரவழைத்தும் தருவார். ஒரே மாடல் வண்டி வைத்திருக்கும் நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கிப் பொதுவில் வைத்தால் செலவு பங்காகும்.

பழுது வந்தபின் பயிரைக் காக்க

இவ்வளவு செய்தும் பருவத்தின் நடுவே வண்டி நின்றுவிட்டால், பாகத்துக்காகக் காத்திருந்து நாற்றை முற்றவிடாதீர்கள். எங்கள் வீட்டில் செய்த பெரிய தவறு அதுதான். ‘நாளைக்கு வந்துவிடும்’ என்று பத்து நாள் கழித்தோம். மூன்று நாளுக்குள் பாகம் வராது என்று தெரிந்தவுடன் வாடகை வண்டியைப் பிடித்து உழவை முடித்துவிடுங்கள். வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகைத் திட்டத்திலும் கேட்டுப் பார்க்கலாம். அப்படியும் நாற்று முற்றிவிட்டால், வழக்கத்தைவிட நெருக்கி, குத்துக்கு ஓரிரு நாற்றைக் கூட்டி நடுங்கள். குறையும் தூரை ஓரளவு ஈடுகட்டலாம்.

இப்போது என் தந்தையாரின் சட்டைப்பையில் ஒரு சிறு நோட்டு இருக்கிறது. அண்மையில் அதே கடைக்குப் போய், எண்ணைச் சொல்லி ஒரு பேரிங் கேட்டாராம். கடைக்காரர் அலமாரிக்குப் போய் எடுத்துக் கொடுத்துவிட்டு, “உட்காருங்க ஐயா, பில் போடுறேன்” என்றாராம். நீங்களும் வீட்டுக்குப் போனதும் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, உங்கள் நோட்டின் முதல் பக்கத்தை எழுதிவிடுங்கள்.