மலைக்கு வழி வகுத்தல்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

கடலோரத்திலே பிறந்து மணலிலே தவழ்ந்த குச்சவெளிப் பிள்ளைகளுக்கு மலையைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. சென்ற ஆண்டு நாமும் தோழர் ஐவரும் நக்கிள்ஸ் மலைத்தொடருக்குச் சென்று, உச்சி காணாமல் திரும்பிய கதையை இவ்வூர் நன்கறியும். அன்றுதொட்டு, "இனி மலைப் பயணமே வேண்டாம்" என்று பெரியோர் சிலரும், "அடுத்த முறை எப்படியும் ஏறியே தீருவோம்" என்று இளைஞர் சிலரும் கூறி வருகின்றனர். இவ்விரண்டும் பொருந்தா என்பது எமது தாழ்மையான கருத்து. அதனை விளக்கவே இன்று உங்கள் முன் நிற்கின்றோம்.

முதலில் எமது பிழையைச் சொல்லிவிடுகின்றோம். தேசப்படத்தின் மேல் அடிமட்டத்தை வைத்து அளந்தோம்; ஐந்து கிலோமீற்றர் வந்தது. நம் கடற்கரையில் நடப்பதுபோல் எண்ணி, இரண்டு மணி நேரம் போதும் என்று முடிவு செய்தோம். படத்திலே நெருங்கி நெருங்கி ஓடிய சமவுயரக் கோடுகளை எண்ணிப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. மிஷன் பாடசாலையிலே அக்கோடுகளை வரைந்து புள்ளி வாங்கியவர்கள்தாம் நாம்! கோடுகள் நெருங்கினால் சரிவு செங்குத்து என்று பரீட்சைத் தாளில் எழுதினோம். கால்கள் அதனைப் படித்திருக்கவில்லை. நண்பகலுக்குள் மூடுபனி இறங்கிற்று. ஒரு தோழன் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகிற்று. கையில் எஞ்சியிருந்தது ஒரு போத்தல் தண்ணீர். அவனை மாறி மாறித் தாங்கிக்கொண்டு, அட்டைக் கடியோடு, இருட்டிய பின்னரே கீழே வந்து சேர்ந்தோம்.

ஊரிலே, "மலைக்குப் போய் மலை காணாமல் வந்தவர்கள்" என்று கேலி செய்தார்கள். கரைவலை வாடியில் இருந்த முதியவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, எத்தினை மணிக்குத் திரும்புறதெண்டு கரையிலயே பேசி வச்சிட்டுத்தானே போனீங்க?" என்று கேட்டார். நாம் பேசி வைக்கவில்லை; தலை குனிந்தோம். அந்தக் கேள்வியே எம்மைப் பல்கலைக்கழக நூல்நிலையத்துக்கு இட்டுச் சென்றது. அங்கு மலையேறியோர் வரலாறுகளைப் படித்து அறிந்தவற்றுட் சிலவற்றை இங்கு கூறுகின்றோம்.

எவரெஸ்ட் சிகரத்தின் கதை தமிழ் மண்ணிலே தொடங்குகின்றது என்றால் வியப்பாக இருக்கும். 1802ஆம் ஆண்டிலே வில்லியம் லாம்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஒரு நேர்கோட்டைச் சங்கிலி கொண்டு அளந்தார். அக்கோட்டை அடியாகக் கொண்டு, முக்கோணத்தின்மேல் முக்கோணமாகப் பாரத நாடெங்கும் விரிந்த நில அளவை, அரை நூற்றாண்டில் இமயத்தை எட்டிற்று. பதினைந்தாம் சிகரம் என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்த மலையின் உயரத்தைக் கணக்கிட்டவர் வங்காளத்துக் கணித மேதை ராதாநாத் சிக்தர். 1856இல் வெளியான அளவு 29,002 அடி. நேபாளமும் சீனாவும் 2020 டிசம்பரில் சேர்ந்து அறிவித்த அளவு 8,848.86 மீற்றர், அதாவது ஏறக்குறைய 29,032 அடி. நூறு மைலுக்கு அப்பால் நின்று கருவியாற் பார்த்துக் கணித்ததில் வேறுபாடு முப்பது அடியே!

ஆயினும் உயரம் தெரிந்துவிட்டால் வழி தெரிந்ததாகிவிடாது. 1921இல் முதற் குழு திபெத்துப் பக்கத்தாற் சென்றது. ஏறுவதற்கு முன் வழி பார்த்து வருவதே அதன் பணி. ஜோர்ஜ் மலோரியும் தோழர்களும் ரொங்பக் பனிக்கட்டியாற்றிலே பல நாள் அலைந்தும், வடக்குக் கணவாய்க்கு ஏறும் வாயிலைக் காணவில்லை. அது அவர்கள் கடந்து சென்ற இடத்திலேயே இருந்தது. பக்கத்துப் பள்ளத்தாக்கு ஒன்றிலிருந்து ஒரு சிற்றோடை வந்து கலந்தது. இத்துணைச் சிறிய ஓடைக்குப் பின்னால் பெரிய பனிக்கட்டியாறு இருக்க முடியாது என்று கருதி, அதனை விட்டு விட்டு மலையைச் சுற்றிக் கிழக்கே போயினர். பின்னர் நில அளவையாளர் வீலர் படம் வரைந்தபோதுதான் கிழக்கு ரொங்பக் பனிக்கட்டியாறு என்னும் அந்த வழி வெளிப்பட்டது. முன்கூட்டியே முடிவு கட்டிவிட்ட கண்ணுக்கு எதிரிலிருக்கும் வாயிலும் தெரியாது போலும்.

தெற்குப் பக்கத்து வழி வேறு விதமாகக் கிடைத்தது. 1951இல் எரிக் ஷிப்டனும் எட்மண்ட் ஹில்லாரியும் எதிரேயுள்ள பூமோரி மலையின் சரிவில் ஏறி நின்று எவரெஸ்டைப் பார்த்தனர். பனிச்சரிவு, அதன் மேற் பள்ளத்தாக்கு, லோட்சே மலைமுகம், தெற்குக் கணவாய் என்று படிப்படியாக ஒரு வழி அவர்களுக்குப் புலப்பட்டது. 1952இல் சுவிற்சர்லாந்துக் குழுவைச் சேர்ந்த றேமண்ட் லம்பேர்ட்டும் டென்சிங் நோர்கேயும் அவ்வழியிலே சுமார் 8,600 மீற்றர் வரை ஏறித் திரும்பினர்.

1953இல் நடந்ததை எம்மால் மறக்க முடியாது. மே 26ஆம் நாள் சாள்ஸ் எவன்சும் தொம் போர்டிலனும் தெற்குச் சிகரத்தை அடைந்தனர். உச்சிக்கு இன்னும் சுமார் நூறு மீற்றரே இருந்தது. அதுவரை எந்த மனிதரும் அவ்வளவு உயரத்தை அடைந்து மீண்டதாக உறுதியான சான்று இல்லை. ஆனால் நேரம் பிற்பகல் ஒரு மணி கடந்துவிட்டது, ஒட்சிசன் குறைந்துவிட்டது. உச்சிக்குப் போகலாம், உயிரோடு இறங்க முடியாது என்று உணர்ந்து திரும்பினர். தாம் கண்டவற்றைத் தோழருக்குக் கூறினர். அவர்கள் மேலே விட்டுவந்த ஒட்சிசன் குப்பிகள், மூன்று நாட்களின் பின், மே 29இல் உச்சியை அடைந்த டென்சிங்குக்கும் ஹில்லாரிக்கும் இறங்கும் வழியிலே உதவின. திரும்பியவர்களுடைய உழைப்பும் அந்த வெற்றியில் இருக்கின்றது அன்றோ?

காலமும் வழியின் ஒரு பகுதியே. எவரெஸ்டில் ஏறுவோர் பெரும்பாலும் மே மாதத்தையே நாடுவர். உச்சியில் வீசும் கடுங்காற்று அப்போது சில நாள் தணியும். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று வந்து பனியைக் கொட்டும். அதே பருவக்காற்று நம் தீவின் மலைகளைக் கடந்து, மழையை அங்கே இறக்கிவிட்டு, வெங்கச்சானாக நம் கரையை வந்தடைகின்றது. கச்சானையும் வாடையையும் அறிந்து தோணி இறக்கும் நம் பெரியோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

வழி வகுப்பதிலே அறமும் உண்டு. தெற்கு வழியிலுள்ள கும்புப் பனிச்சரிவில் ஆண்டுதோறும் ஏணியும் கயிறும் கட்டிப் பாதை அமைப்போர் ஷேர்ப்பா மக்கள். 2014 ஏப்ரல் 18ஆம் நாள் மேலே தொங்கிய பனிக்கட்டி உடைந்து விழுந்து 16 நேபாளத் தொழிலாளர் மாண்டனர். அடுத்த ஆண்டு, அந்தத் தொங்கு பனியை விலக்கி, சரிவின் நடுப் பக்கமாகப் பாதை மாற்றப்பட்டது. அது ஏறுவதற்குக் கடினமானது. ஆயினும் ஆபத்துக் குறைந்தது. சுமப்பவனின் உயிரையும் எண்ணிப் பார்த்து வகுப்பதே நல்வழியாகும்.

நேரத்தை மதியாதவர் கதையும் உண்டு. 1996 மே மாதத்திலே, திரும்ப வேண்டிய வேளை கடந்த பின்னும் பலர் மேலே ஏறினர். புயல் சூழ்ந்தது. எட்டுப் பேர் இறந்தனர். அவர்களுள் நன்கு பழகிய வழிகாட்டிகளும் இருந்தனர்.

நம் நாட்டவரைப் பாருங்கள். 2016 மே 21இல் ஜயந்தி குரு உதும்பால இலங்கையரில் முதல்வராக எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். உடன் சென்ற யொஹான் பீரிஸ் சுமார் 8,400 மீற்றரிலிருந்து திரும்ப நேர்ந்தது. அவர் திரும்பியதனாலன்றோ 2018 மே மாதத்திலே மீண்டும் சென்று உச்சியைத் தொட முடிந்தது!

இவ்விடத்தில் பெரியோர் ஒருவர் எழுந்து, "திருநாவுக்கரசு சுவாமிகள் கயிலை காணாமல் மீளேன் என்றாரே, உறுதி வேண்டாமா?" என்று கேட்கலாம். வேண்டும். கால் தேய்ந்து, கை தேய்ந்து, உடலாற் புரண்டும் சென்ற உறுதி அது. ஆனால் அந்த அடியவரை இறைவன் பனியிலே மடிய விட்டானா? இல்லை. பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றிலே எழச் செய்து, அங்கேயே கயிலைக் காட்சியைக் கொடுத்தருளினான் என்று பெரியபுராணம் கூறுகின்றது. கயிலையின் உச்சியில் எவரும் ஏறியதாக இன்றுவரை உறுதியான பதிவு இல்லை. யாத்திரிகர் ஏறக்குறைய 52 கிலோமீற்றர் அதனை வலம் வந்து, வணங்கி மீள்கின்றனர். தட்சிண கைலாசம் எனப் போற்றப்படும் திருக்கோணமலையின் அருகே வாழும் நமக்கு இக்கருத்துப் புதியதன்று.

ஆகவே பெரியோர்களே, பிள்ளைகளை மலைக்குப் போகவேண்டாம் என்று தடுக்காதீர்கள். கடல் பொல்லாதது என்று நீங்கள் உங்கள் பிள்ளைகளைக் கரையிலேயே கட்டி வைக்கவில்லை, கடலைப் படிப்பித்தீர்கள். அவ்வாறே மலையையும் படிக்க விடுங்கள். இளைஞர்களே, உச்சியைத் தொடுவது பாதி வழி என்பதை மறவாதீர்கள். மற்றப் பாதி வீட்டு வாசலில் முடிகின்றது; அங்கே தாய் காத்திருக்கின்றாள்.

இவ்வாண்டும் அதே மலைக்குச் செல்லச் சங்கத்தின் அனுமதியை வேண்டுகின்றோம். இம்முறை சமவுயரக் கோடுகளை எண்ணியிருக்கின்றோம். தண்ணீர் கிடைக்கும் இடங்களைக் குறித்திருக்கின்றோம். வேண்டிய அனுமதியைப் பெற்று, அவ்வூரார் ஒருவரை வழிகாட்டியாகக் கொள்வோம். செல்வோர் பெயரும் செல்லும் வழியும் எழுதிய தாள் ஒன்று நம் வாசிகசாலையில் இருக்கும். சென்ற ஆண்டு கால் பிசகிய தோழனே முன்னே நடப்பான். அவன் நடையே எல்லோரின் நடையாகும்.

வாடியிலிருந்து இக்கூட்டத்துக்கு வந்திருக்கும் அப்பு அவர்களே, அன்று நீங்கள் கேட்ட கேள்விக்கு இன்று கரையிலிருந்தே விடை சொல்லுகின்றோம். எங்கு நின்றாலும், உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும், பகல் பன்னிரண்டு மணிக்குத் திரும்புவோம்.