ஒன்றரை மாத ஊசிக்கு வந்த அம்மா



புதன்கிழமை காலை. பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தை மனக்கண்ணில் பாருங்கள். வாசலில் நாலைந்து கைக்குழந்தைகள். மக்காச்சோளக் காட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு பாட்டி, பேரனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறார். செவிலியர் குழந்தையை எடை பார்க்கிறார், தொடையில் ஊசி போடுகிறார், அட்டையில் குறிக்கிறார். "பால் நல்லா குடிக்கிறானா? வயித்தால போகுதா?" எல்லாக் கேள்வியும் குழந்தையைப் பற்றித்தான். அம்மா தலையாட்டுகிறாள். பிள்ளை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வருவதில்லை என்று அவள் சொல்லவில்லை. அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை.

பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் இதற்கு ஆளுக்கொரு விளக்கம் வைத்திருப்பார்கள். "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்பார் ஒருவர். "காத்து கருப்பு பட்டிருக்கும்" என்பார் இன்னொருவர். மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள், குணசீலம் கோயிலுக்கும் போவார்கள். கோயிலுக்குப் போவதில் தவறே இல்லை. மருத்துவரிடம் போவது மட்டும் தள்ளிப்போகிறது என்பதுதான் கவலை.

பிரசவமான முதல் சில நாள்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் அது தானாக அடங்கிவிடும். அதற்குப் பிறகும் சோர்வு நீடித்தால், சாப்பாடு இறங்காவிட்டால், பிள்ளையைத் தூக்கவே மனம் வராவிட்டால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். தைராய்டு கோளாறும் இதே போலக் காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் தேவை. ஊரில் 'ஜன்னி' என்று சொல்லும் நிலை வேறு. ஆயிரம் பிரசவத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ வருவது அது. தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசி, இல்லாத குரல் கேட்பதாகச் சொன்னால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு எத்தனை பேருக்கு வருகிறது? வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்தில் 359 கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் சந்தித்து ஆராய்ந்தார்கள். முடிவு 2002-இல் வெளியானது. பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் நூற்றுக்குப் பதினொரு பேர். காரணங்களையும் அந்த ஆய்வு தேடியது: வருமானக் குறைவு, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிள்ளை, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கர்ப்ப காலத்தில் வந்த துயரம், கைவேலைக்கு உதவி இல்லாமை. மருந்தோடு சேர்த்து வீடும் மாற வேண்டும் என்பதை இந்தப் பட்டியலே சொல்லிவிடுகிறது.

மனநலத் திட்டம் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து 1995-இல் பெரம்பலூர் பிரிந்தது. மறு ஆண்டே மத்திய அரசின் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது, நாட்டிலேயே முதலில் தேர்வான நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. 2007-இல் தனி மாவட்டமாக நிலைத்த அரியலூருக்கு 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஆனால், தையல் காயம் ஆறாத ஒரு பெண் கைக்குழந்தையோடு செந்துறையிலிருந்தோ ஆண்டிமடத்திலிருந்தோ பஸ் ஏறி, "மனநலப் பிரிவு எங்கே?" என்று விசாரித்துப் போவாளா? அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கவே அவளுக்குக் கூச்சம்.

அவள் தவறாமல் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. ஒன்றரை மாத ஊசி, இரண்டரை மாத ஊசி, மூன்றரை மாத ஊசி. மனச்சோர்வு தலைகாட்டுகிற காலமும் அதேதான். வேலூர் ஆய்வாளர்கள் தாய்மாரைப் பிரசவத்துக்குப் பின் சந்தித்தது ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரத்துக்குள். கேட்க வேண்டிய கேள்விகளும் கைவசம் உள்ளன. 1987-இல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்விப் பட்டியல் தமிழிலும் சரிபார்க்கப்பட்டு 2005-இல் வெளியானது. கடந்த ஏழு நாளில் மனம் எப்படி இருந்தது என்று கேட்கும் எளிய கேள்விகள் அவை. பத்தாவது கேள்வி, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் அவளைத் தனியாக அனுப்பவே கூடாது.

ஊசி நாளுக்கு வராத பெண்களும் இருக்கிறார்கள். கரு கலைந்தவர்கள், குழந்தையைப் பறிகொடுத்தவர்கள். அவர்களிடம் அட்டை இல்லை, புதன்கிழமை இல்லை. அவர்கள் வீட்டுக்குச் செவிலியர் தேடிப் போனால்தான் உண்டு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவளின் கதை வேறு. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீடு திரும்பும்போது அவள் வேறொரு செவிலியரின் எல்லைக்குள் போய்விடுகிறாள். தொடங்கிய சிகிச்சை அறுந்துபோகாமல் இருக்க, இந்த ஊர்ச் செவிலியர் அந்த ஊர்ச் செவிலியரிடம் சொல்லியாக வேண்டும்.

சிகிச்சை என்றதும், தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வார்களோ என்று பல வீடுகளில் பயப்படுகிறார்கள். பாலில் மிகக் குறைவாகவே கலக்கும் மருந்துகள் இருக்கின்றன. எது பொருத்தம் என்று மருத்துவர் பார்த்துத் தருவார். பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்பது அடுத்த பயம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி, சிகிச்சைக்குச் சேர்ந்த தாயிடமிருந்து மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயும் சேயும் சேர்ந்தே தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவு 2009 முதல் நடக்கிறது. நம் அரசு மருத்துவமனைகளிலும் அப்படிச் சில படுக்கைகளை ஒதுக்கலாம்.

வீட்டிலிருந்தே பேச 14416 என்ற இலவச எண் இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். கணவர் வளைகுடாவில் இருந்தால், அவர் போனில் இந்த எண்ணைச் சொல்வதும் பெரிய உதவிதான்.

ஊசி போட்டதும் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்வார்கள். பத்துக் கேள்விக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் மாமியாரோ நாத்தனாரோ பக்கத்தில் இருந்தால் அவள் எல்லாவற்றுக்கும் "நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் சொல்வாள். கூட வந்தவர் யாராக இருந்தாலும் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, அந்த ஐந்து நிமிடம் வேப்பமர நிழலில் போய் நிற்கட்டும்.