ஒரே இடம், மாதம் ஒரு படம்

பருவநிலை மாற்றம் என்றால் உருகும் பனிமலையும் மெலிந்த கரடியும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் வடசென்னைப் பிள்ளைகள் தங்கள் தெருவையே படம் எடுத்தார்கள். கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் மதுரைக்காரரான புகைப்படக் கலைஞர் பழனிக்குமார். 2013-இல் கடன் வாங்கித்தான் முதல் கேமராவை வாங்கினார் அவர். ஆலைகளுக்கு நடுவே வாழும் அந்தப் பிள்ளைகளின் படங்கள் 2023-இல் எழும்பூர் அருங்காட்சியகம் வரை வந்தன.

நம் தாம்பரம் பக்கம் எடுப்பதற்கா பஞ்சம்? 2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் இங்கே 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரில் வெள்ளம் வடிந்த பின் சுவர்களில் சேற்றுக்கோடு நின்றது. மறு பொங்கலுக்குள் பெயின்ட் அடித்து மறைத்தாயிற்று. அந்தக் கோட்டருகே ஓர் ஆளை நிறுத்தி எடுத்த படம் இருந்தால், தண்ணீர் இடுப்பளவா, கழுத்தளவா என்ற வாதத்துக்கே இடமில்லை.

பள்ளிக்கரணையைப் பாருங்கள். 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் பெற்ற சதுப்புநிலம். பக்கத்திலேயே பெருங்குடிக் குப்பைமேடு. நாரையையும் குப்பையையும் ஒரே படத்தில் அடக்கிவிடலாம். சூரிய அஸ்தமனப் படங்கள்தான் ஏற்கெனவே ஏராளம் இருக்கின்றனவே!

உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் செல்போன் இருக்கிறது. சேலையூரோ பீர்க்கன்காரணையோ, அருகிலுள்ள ஏரியை மாதம் ஒருமுறை, அதே இடத்தில் நின்று, தேதி குறித்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தொடங்கிவிடட்டும்.