பேட்டி அறைக்குள்ளும் அதற்கு முன்பும்
(பினாங்கில் மின்னணுவியல் பட்டதாரிகளிடையே ஆற்றிய உரை)



நான் பாயான் லெப்பாசில் சிப் சோதனைப் பிரிவில் வேலை செய்பவன். முதல் வேலை கிடைப்பதற்கு முன் பதினொரு நேர்முகப் பேட்டிகளுக்குப் போனவன். அவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

ஒரு கம்பெனியில், "புதிதாக வந்த சிப்பில் முதலில் எதைச் சோதிப்பாய்?" என்று கேட்டார்கள். நான் பல்கலைக்கழகத்தில் படித்த பெருக்கிச் சமன்பாட்டை ஒப்பித்தேன். அவர்கள் எதிர்பார்த்தது ஓப்பன், ஷார்ட் சோதனை. சிப்பின் காலில் உள்ள பாதுகாப்பு டையோடு வழியாக 100 மைக்ரோ ஆம்பியர் போலச் சிறு மின்னோட்டம் செலுத்த வேண்டும். 0.6 வோல்ட் அளவில் காட்டினால் தொடர்பு சரி. சுழியத்தை ஒட்டி நின்றால் ஷார்ட். வரம்பு வரை ஏறினால் ஓப்பன். எனக்குத் தெரியவில்லை, வேலை கிடைக்கவில்லை. குற்றம் என்னுடையது. 1972-இல் இண்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை இங்கே தொடங்கியதிலிருந்து பினாங்கின் பிழைப்பே சிப்பைப் பொதிவதும் சோதிப்பதும்தான். ஊர்த் தொழிலை அறியாமல் பேட்டிக்குப் போனவன் நான்.

இன்னொரு கம்பெனியில் சான்றிதழ்களைத் திறக்கவே இல்லை. முதல் கேள்வி, "மேண்டரின் பேச வருமா?" மலாய், ஆங்கிலம், தமிழ் வரும் என்றேன். பத்தே நிமிடம். வெளியே வந்து பேருந்துக்கு நின்றபோது, எதில் தோற்றேன் என்று எனக்கே விளங்கவில்லை.

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். எல்லாத் தோல்விக்கும் இனத்தைக் காட்டினால் நாம் படிக்க மாட்டோம். எல்லாவற்றுக்கும் நம்மையே நொந்துகொண்டால் அநியாயம் தப்பித்துக்கொள்ளும்.

இது என் கற்பனையா? லீ ஹுவோக் ஆன், முகம்மது அப்துல் காலிட் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள், புதிய பட்டதாரிகளின் பெயரில் புனைந்த விண்ணப்பங்களை உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். பொறியியல் வேலைகளும் அதில் உண்டு. மலாய்ப் பெயர்களைவிடச் சீனப் பெயர்களுக்குப் பல மடங்கு அதிகமாகப் பேட்டி அழைப்பு வந்தது. இந்தியப் பெயர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. கணக்கெடுப்பில்கூட நாம் விடுபட்டுப் போகிறோம், பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு இனப்பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் அது தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தாது என்பது பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கில் 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் எடுத்த நிலை. 2023 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம், பாகுபாடு குறித்த தகராறை விசாரிக்கத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநருக்கு அதிகாரம் தருகிறது. நல்லதுதான். ஆனால் அதன் வாசகம் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறு என்கிறது. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவன் இன்னும் தொழிலாளி ஆகவில்லையே! "வேலை தேடுவோர்" என்ற சொல்லும் அந்தப் பிரிவில் ஏற வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை.

அதற்குச் சான்று வேண்டும். விளம்பரத்தை அப்படியே சேமித்து வையுங்கள். தேதி, கேட்ட கேள்வி, நீங்கள் சொன்ன பதில் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். மேண்டரின் கேட்டால், எந்தப் பணிக்கு அது தேவை என்று மரியாதையாகத் திருப்பிக் கேளுங்கள். அந்தப் பதிலையும் எழுதுங்கள்.

இந்த மாதம் பேட்டி உள்ளவர்கள் தேநீருக்குப் பிறகு இருங்கள். மல்டிமீட்டரும் கொஞ்சம் பழைய சிப்புகளும் கொண்டு வந்திருக்கிறேன்.