சூரியனில் கண்ட தனிமம்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் பி.ஏ.வில் வரலாறு படித்தவன். வேதியியல் பேசத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. நான் படித்த உயர்நிலைப் பள்ளியில் ஆய்வுக்கூடம் இருந்தது. குடுவைகளைக் கழுவி வைக்கும் வேலை எனக்கும் என் தெருப் பிள்ளைகள் இருவருக்கும் ஒதுக்கப்பட்டது. சோதனை நடக்கும் வேளையில் நாங்கள் கதவருகே நின்றோம். பின்னர் அறிவியல் பிரிவு கேட்டேன். கலைப் பிரிவே கிடைத்தது. அது கிடக்கட்டும்.

ஹீலியம் என்னும் தனிமத்தின் கதையில் நம் நகருக்கும் பங்குண்டு. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், இன்று வானிலை மையம் உள்ள வளாகத்தில், 1792-இல் எழுந்த சென்னை வானாய்வுக்கூடம் இருந்தது. 1868 ஆகஸ்டு 18 அன்று முழுச் சூரிய கிரகணம். கூடத்தின் தலைவர் போக்சன் மசூலிப்பட்டினம் சென்றார். அவருடைய முதல் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி வனபர்த்திக்கு ஒரு குழுவை நடத்திச் சென்றார். பிரான்சிலிருந்து வந்த ஜான்சன் குண்டூரில் இருந்தார். அவர்களுடைய கருவிகளைச் சுமந்தோரின் பெயரை நான் படித்த எந்த நூலிலும் காணவில்லை.

அடுப்புத் தீயில் உப்பைத் தூவினால் மஞ்சள் ஒளி எழும். அது சோடியத்தின் நிறம். நிறமாலைமானி வழியே நோக்கினால் அது 5890, 5896 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள இரு கோடுகளாகப் பிரியும். கிரகணத்தின்போது சூரிய விளிம்பில் எழுந்த தழல்களிலும் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியம்தான் என்று கொள்வது எளிது. போக்சன் அதனைச் சோடியக் கோட்டின் இடத்தில், அன்றேல் அதன் அருகில் என்று ஐயத்தோடு குறித்தார். அவரது அறிக்கை சென்னையில் அச்சாயிற்று, பரவவில்லை.

ஜான்சன் மறுநாளே, கிரகணம் இன்றியும் தழல்களின் கோடுகளைக் காணும் வழியைக் கண்டார். அக்டோபர் 20-இல் இங்கிலாந்தில் லாக்கியரும் தாமாகவே அவ்வழியை அடைந்தார். இருவர் செய்தியும் பாரிசு அறிவியல் கழகத்திற்கு ஒரே நாளில் எட்டின. மஞ்சள் கோடு சோடியத்திற்கு உரியதன்று என்று வலியுறுத்தியவர் லாக்கியர். அதன் அலைநீளம் 5876. வேறுபாடு மிகச் சிறிது. கிரேக்க மொழியில் கதிரவனைக் குறிக்கும் ஹீலியோஸ் என்னும் சொல்லிலிருந்து பெயர் அமைந்தது.

வேதியியலார் பலர் நம்பவில்லை. மண்ணில் காணாத பொருள் கதிரவனில் உண்டென்றால் யார் ஏற்பர்? 27 ஆண்டுகள் கழிந்தன. 1895-இல் லண்டனில் ராம்சே, கிளீவைட் என்னும் யுரேனியக் கனிமத்தை அமிலத்தில் இட்டு, எழுந்த வாயுவை ஆராய்ந்தார். அவர் தேடியது ஆர்கான். தெரிந்ததோ அதே மஞ்சள் கோடு!

போக்சனுக்கு அநீதி நேர்ந்ததென்று நான் சொல்லவில்லை. அவர் தம் ஐயத்தைத் தொடர்ந்து செல்லவில்லை, லாக்கியர் சென்றார். ஆயினும் அவர் ஐயுறுவதற்குக் கையில் ஒரு கருவி இருந்தது. கதவருகே நிற்பவனுக்கு ஐயம்கூடத் தோன்றாது.

நுங்கம்பாக்க வளாகத்தில் பழைய கூடத்தின் கருங்கல் தூண் இன்றும் உள்ளது. அதில் தமிழ் எழுத்தும் உண்டு. பார்வையிட அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். வர விரும்பும் மாணாக்கர், மாணாக்கியர் மாலை வகுப்பில் பெயர் கொடுங்கள். அதற்கு முந்திய சனிக்கிழமை எங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திற்கு வாருங்கள். நிறமாலைமானியும் விளக்கும் மேசைமேல் இருக்கும். வீட்டிலிருந்து ஒரு பிடி உப்பு மட்டும் கொண்டுவாருங்கள்.